போலிப் பறப்பும் மெய்ப் பறப்பும்

தமிழிலக்கணத்திலே போலி என்றொரு விதி உண்டு. ஓரெழுத்து நின்ற இடத்திலே வேறோரெழுத்து வந்து நின்றும் சொல்லின் பொருள் வேறுபடாதிருத்தலே அதன் இயல்பு. அறம் என்பது அறன் என்றாகும், சாம்பல் என்பது சாம்பர் என்றாகும், பொருளோ மாறுவதில்லை. ஆதலின், இலக்கணங் கற்றார்க்குப் போலி என்பது இழிசொல்லன்று. ஆயின் இவ்விதி செல்லாத துறைகள் சில உள. ஒன்று நின்ற இடத்திலே அதனைப் போன்ற பிறிதொன்று வந்து நிற்க, காண்போர் இரண்டும் ஒன்றெனக் கொள்ள, அக்கொள்கையாலே உயிர்க்கு இடர் விளையுந் துறைகள் அவை. விமானஞ் செலுத்துதல் அவற்றுள் ஒன்று. வீட்டிலே கணினியின் முன்னிருந்து பழகும் போலிப் பறப்பு, வானிலே நிகழும் மெய்ப் பறப்புக்கு எம்மட்டில் துணையாகும், எவ்விடத்திற் பகையாகும் என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவகத்து வானம்

இன்று நம் தீவகத்து இளைஞனொருவன் தன் வீட்டு மேசையின் முன் அமர்ந்து, பலாலி ஓடுபாதையிலிருந்து ஒரு சிறு விமானத்தை எழுப்பித் தென்மேற்கே திருப்பலாம். கடனீரேரியைக் கடந்ததும் காரைநகரும் ஊர்காவற்றுறையும், அவற்றின் நடுவே கடலில் நிற்கும் கடற்கோட்டையும் அவன் கண்ணெதிரே தோன்றும். அப்பால் நயினாதீவு வரும். அதற்கும் அப்பால், தனித்துக் கிடக்கும் நெடுந்தீவு வரும். பலாலியிலிருந்து நெடுந்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். சிறு விமானத்துக்குக் கால்மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணம். குறிகட்டுவான் துறையிற் காத்திருந்து படகேறி ஒரு மணி நேரம் அலையிலே அசைந்து செல்வோர்க்கு இது வியப்பாகவே இருக்கும். மைக்கிரோசொவ்ற் நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட பறப்புச் செயலி, செய்மதிப் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் இவ்வாறு வரைந்து காட்டுகின்றது.

பலாலி வானம் நமக்குப் புதியதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே பிரித்தானிய வான்படையினர் அங்கே விமானத்தளம் அமைத்தனர். 1947 டிசெம்பர் 10 ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணத்திலே, டக்கோட்டா விமானமொன்று இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. பின்னர் நெடுங்காலம் பொதுமக்கள் பயணம் நின்றும் நடந்தும் வந்த அத்தளம், 2019 ஒக்ரோபர் 17 ஆம் நாள் யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பெற்றது. அவ்வாண்டு நவெம்பரிலே சென்னையிலிருந்து பயணிகள் விமானம் வந்திறங்கியது. தலைக்கு மேலே விமானங்கள் செல்லக் காணும் பிள்ளைகள் விமானியாக விரும்புதல் இயல்பே. நம் பழைய மாணவர்களின் மக்களும் பேரப்பிள்ளைகளும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்போணிலும் வளர்கின்றனர். அங்கெல்லாம் பறப்புக் கழகங்கள் உள. ஆகவே இவ்வாராய்ச்சி நம் வீடுகளுக்குப் புறம்பானதன்று.

இப்பொறி பிறந்த வரலாறு

விமானத்தைப் போல நடிக்கும் பொறியை ஆங்கிலத்திற் சிமுலேற்றர் என்பர். அதனை முதன்முதல் நன்கு செய்து முடித்தவர் எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர். நியூயோர்க் மாநிலத்துப் பிங்கம்ரன் நகரில் அவருடைய தந்தையார்க்குப் பியானோவும் ஓர்கனும் செய்யுந் தொழிற்சாலை இருந்தது. ஓர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளையும் குழல்களையுங் கொண்டே, சாய்ந்துந் திரும்பியும் அசையும் ஒரு சிறு விமானப் பெட்டியை அவர் அமைத்தார். 1931 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அப்பத்திரத்திலே அது மாணவ விமானிகளுக்குரிய பயிற்சிக் கருவியும் கேளிக்கைப் பொறியும் ஒருங்கிணைந்தது எனப் பெயரிடப்பட்டிருத்தல் கருதத்தக்கது. பிறந்த நாளிலேயே அதற்கு இரண்டு முகங்கள் இருந்தன. முதலில் அதனை வாங்கியோருட் பலர் கேளிக்கைப் பூங்காக்காரரே.

1934 பெப்ரவரியில் அமெரிக்கப் படை விமானிகளிடம் வான்வழித் தபால் சுமக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. பனியும் முகிலும் இருளும் நிறைந்த மாரிகாலத்திலே, கருவிகளை மட்டும் நோக்கிப் பறக்கப் பழகாத அவர்களுட் பத்துப் பேருக்கு மேற்பட்டோர் சில வாரங்களுள் மாண்டனர். அதன் பின்னரே படையினர் லிங்கின் பொறிகள் ஆறினை, ஒன்று 3,500 டொலர் வீதம் வாங்கினர். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே இலட்சக்கணக்கான விமானிகள் அந்த நீலநிறப் பெட்டியினுள் அமர்ந்து பயின்றனர். எண்ணிறந்த உயிர்களை அப்பொறி காத்தது என்பதில் ஐயமில்லை.

வீட்டுக் கணினியில் இது புகுந்தது பிற்காலத்திலாகும். 1979 ஆம் ஆண்டளவிலே புறூஸ் ஆட்விக் என்பவர் அப்பிள் கணினிக்கென ஒரு பறப்புச் செயலி ஆக்கினார். 1982 இல் மைக்கிரோசொவ்ற் நிறுவனத்தின் பெயரோடு அது வெளிவந்தது. கோடுகளாலான மலையும் கட்டமுங் காட்டிய அது, நாற்பதாண்டுகளுள் நயினாதீவுக் கரையையும் வரைந்து காட்டும் நிலைக்கு வளர்ந்துள்ளது. படம் மெய்யை நெருங்க நெருங்க, இரண்டும் ஒன்றே என்னும் மயக்கமும் வளர்தல் இயல்பாகும்.

அதன் நன்மை

இப்பொறியைப் பழித்துரைப்பது நம் கருத்தன்று. விமானி அறையிலே எந்தக் கருவி எங்கே உள்ளது, அது எதனைக் காட்டுகின்றது, எழுமுன் எவற்றைச் சரிபார்த்தல் வேண்டும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு எவ்வாறு பேசுதல் வேண்டும் என்பனவற்றை இது செவ்வனே கற்பிக்கும். 1990 களிலே அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தார் கணினிவழிப் பயிற்சியினை ஆராய்ந்து, கருவிப் பறப்பின் புதிய பாடங்களைத் தொடங்குங்கால் அது மெய் விமானத்திலே செலவாகும் நேரத்தைக் குறைக்கின்றது எனக் கண்டனர். முன்னரே கற்ற பாடங்களை மீளப் பயிலும்போதோ அப்பயன் குறைந்தது. அஃதாவது, பொறி வாயிலைத் திறக்கும். வீட்டினுள்ளே அழைத்துச் செல்வது பெரும்பாலும் விமானமே.

நாடுகளின் சட்டங்களும் இதனையே உணர்த்துகின்றன. அமெரிக்காவிலே தனியார் விமானி உரிமம் பெறுவதற்குக் குறைந்தது 40 மணி நேரப் பறப்பு வேண்டும். அதிலே பொறியிற் பயின்றதாகக் கணக்கிடத் தக்கது இரண்டரை மணி நேரமே. அதுவும் அரசு ஏற்றுக்கொண்ட பொறியாய், பயிற்றுநர் உடனிருந்து கற்பித்ததாய் இருத்தல் வேண்டும். இந்தியாவிலே வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு விதிக்கப்பட்டுள்ளது. வீட்டில் ஆயிரம் மணி நேரம் பறந்தவனென்றாலும் அவ்வாயிரமும் இக்கணக்கிற் சேரமாட்டா. சட்டம் இவ்வளவு கடுமையாய் இருப்பதற்குக் காரணங்கள் உள. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

செவி சொல்லும் பொய்

முதற் காரணம் நம் உடம்பிலேயே உள்ளது. உட்செவியிலே மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள. அவற்றினுள்ளே ஒரு பாய்மம் நிரம்பியுள்ளது. தலை திரும்புந்தோறும் அப்பாய்மம் பின்தங்கி, நுண்ணிய மயிர்க்கலங்களை வளைக்கின்றது. திரும்புகின்றோம் என மூளை உணர்கின்றது. ஆயின் ஒரே வேகத்திலே தொடர்ந்து திரும்பினால், சில வினாடிகளிலே பாய்மமும் கால்வாயோடு ஒத்தோடத் தொடங்கும். அப்போது திரும்புதல் நின்றுவிட்டது போன்ற உணர்வு பிறக்கும். அந்நிலையில் விமானி விமானத்தை நேராக்கினால், பாய்மம் தன் போக்கிலே ஓடி, எதிர்ப்பக்கம் திரும்புகின்றாய் என்று சொல்லும். தரையிலே நடக்கும் மனிதனுக்கென அமைந்த உறுப்பு, முகிலினுள்ளே பொய்ச்சாட்சி ஆகிவிடுகின்றது.

கண் வெளியே அடிவானத்தைக் காணும்வரை இப்பொய் பலிக்காது. அடிவானம் மறைந்தபோதே இடர் தொடங்கும். திரும்பிக்கொண்டிருக்கும் விமானம் நேரே செல்வதாக உடல் சொல்லும். உயரங் குறைவதைக் கருவியிற் கண்ட விமானி, மூக்கை உயர்த்தக் கைப்பிடியைப் பின்னே இழுப்பான். சாய்ந்த விமானத்திலே அவ்விழுப்பு திருப்பத்தை மேலும் இறுக்குமேயன்றி உயரத்தைத் தராது. வட்டம் சுருங்கச் சுருங்க வேகம் பெருகும். முடிவிலே விமானம் சுழன்று வீழும்.

1954 ஆம் ஆண்டிலே மேற்கூறிய இலினோய் பல்கலைக்கழகத்தார் கருவிப் பறப்பிற் பயிற்சியில்லாத 20 பேரை, பயிற்றுநரோடு மெய் விமானத்திலேற்றி, வெளியே நோக்க இயலாதவாறு கண்ணை மறைத்துச் செலுத்தச் செய்தனர். இருபதின்மரும் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தனர். ஒருவர் 20 வினாடியில் இழந்தார். நெடிது தாங்கியவர் 480 வினாடி தாங்கினார். சராசரி 178 வினாடி. மூன்று நிமிடமும் இல்லை என்பதனை நினைவிற் கொள்க.

வீட்டு மேசையின் முன்னே இருப்பவனுக்கு இப்போராட்டம் ஒருபோதும் நேர்வதில்லை. அவன் அமர்ந்த நாற்காலி அசைவதில்லை. அவன் செவி உண்மையையே சொல்லுகின்றது. திரையிலே முகில் சூழ்ந்தாலும் அவனுக்குக் கருவிகளை நோக்குதல் எளிது. ஏனெனில் அவற்றை மறுத்துரைக்க அவன் உடம்பிலே ஒருவருமில்லை. ஆகவே நூறு முறை முகிலினூடே பறந்து வெளிவந்தவன், அக்கலை தனக்குக் கைவந்ததென்றே நம்புகின்றான். அவன் கற்றது கருவியை வாசித்தல்; கல்லாதது, உடல் முழுவதும் எதிர்த்துக் கூச்சலிடும் வேளையிலே அக்கருவியை நம்புதல். இரண்டும் வேறு வேறு கல்விகளாகும்.

1999 யூலை 16 இரவிலே, அமெரிக்க முன்னாட் சனாதிபதி கெனடியின் மகனார் தாமே செலுத்திய சிறு விமானம் மாத்தாஸ் விண்யாட் தீவுக்கு அருகே கடலில் வீழ்ந்தது. அவரும் உடன் சென்ற இருவரும் மாண்டனர். அன்று புயலுமில்லை, மழையுமில்லை. கடலின் மீது புகார் படிந்திருந்தது, இரவு இருண்டிருந்தது. திசையுணர்வு மயங்கியமையாற் கட்டுப்பாட்டை இழந்தாரென விசாரணையாளர் முடிவு செய்தனர். அவர் முந்நூறு மணி நேரம் வரை பறந்தவர். கருவிப் பறப்பு உரிமத்துக்கெனப் பயின்று கொண்டுமிருந்தார்.

நெடுந்தீவுக் கடலை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வாடை ஓய்ந்து சோளகம் எழுமுன், காற்றடங்கிய நாள்களிலே கடல் எண்ணெய் வார்த்தாற் போலக் கிடக்கும். வெயிலின் புகாரிலே நீரும் வானும் ஒரே நிறமாகும். எல்லைக் கோடு எங்கேயெனப் படகிலிருப்போரே தேடுவர். படகுக்காரன் மயங்கினால் நங்கூரமிட்டுப் பொறுத்திருக்கலாம். வானிலே நங்கூரமிடும் இடமில்லை.

அனுபவம் மிக்கோரையும் இம்மயக்கம் விட்டுவைப்பதில்லை. 1978 சனவரி முதலாம் நாள் இரவு பம்பாயிலிருந்து துபாய் நோக்கி எழுந்த எயர் இந்தியா நிறுவனத்தின் போயிங் 747 விமானம், புறப்பட்டு இரண்டு நிமிடம் ஆகுமுன்னரே அரபிக்கடலில் வீழ்ந்தது; 213 பேரும் இறந்தனர். தலைமை விமானியின் செயற்கை அடிவானக் கருவி பழுதுற்று, விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது. அதனை நேராக்க எண்ணி அவர் இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே சென்றார். கீழே இருண்ட கடல், அடிவானம் இல்லை. பொய் சொல்வது எந்தக் கருவி என்பதனை அவர் உடம்பு அவர்க்கு உணர்த்தவில்லை. பிற கருவிகளோடு ஒப்பு நோக்கும் பழக்கம் ஒன்றே அவ்விடத்திற் காக்கவல்லது.

கண்ணும் கையும் காலும்

இரண்டாவது காரணம் பழக்கத்தைப் பற்றியது. வீட்டுத் திரை சிறியது. அதிலே கருவிகள் தெளிவாகவும், வெளியுலகம் குறுகலாகவுந் தோன்றும். ஆகவே போலிப் பறப்பிலே வளர்ந்தவன் கண் கருவிகளையே நாடும். தெளிந்த பகலிலே சிறு விமானஞ் செலுத்துவோன் பெரும்பான்மை நேரம் வெளியே நோக்குதல் வேண்டும். பிற விமானங்களையும் பறவைகளையும் கண்டு விலகுதல் அவன் கடமை. திரையிலே எதிரே வரும் விமானத்தோடு மோதினால் மீண்டுந் தொடங்கலாம். ஆதலின் அங்கே அக்கடமை எவர் நெஞ்சிலும் பதிவதில்லை. தொடக்க மாணவன் வெறுங்கையோடு வருவானாயின் பயிற்றுநர் கற்பித்தால் மட்டும் போதும். வேரூன்றிய பழக்கத்தோடு வருவானாயின், முதலில் அதனைக் களைதல் வேண்டும். பின்னரே கற்பித்தல் வேண்டும்.

கைக்கும் காலுக்கும் இஃது ஒக்கும். வேகம் மாறுந்தோறும் மெய் விமானத்தின் கைப்பிடி கனத்தும் இலகுவாகியும் கைக்கு ஒரு செய்தி சொல்லும். வேகங் குறைந்து சிறகு தாங்கும் ஆற்றலை இழக்கும் தறுவாயிலே கைப்பிடி தளரும்; விமானம் அதிரும்; இருக்கை கீழே நழுவும். அவ்வேளையிலே மூக்கைத் தாழ்த்துதலே உய்யும் வழி. உடம்போ வீழ்கின்றோமென்று அஞ்சிப் பின்னே இழுக்கத் தூண்டும். விலைமலிந்த விளையாட்டுக் கைப்பிடியிலுள்ள சுருள்வில் எப்போதும் ஒரே விசையோடு எதிர்க்கும். அது யாதும் பேசுவதில்லை. பலர் வீட்டிலே கால்மிதி வைத்திருப்பதுமில்லை; சுக்கானைக் கணினியே பார்த்துக்கொள்ளும். இவ்வாறு பழகியவன் பக்கக் காற்றிலே தரையிறங்கும்போது கால்கள் வாளாவிருக்கும். விமானமோ ஓடுபாதையை விட்டு விலகும். சோளகமும் வாடையும் வீசும் நம் கரையிலே இக்குறை சிறிதன்று.

அச்சமும் காலமும்

மூன்றாவது காரணம் மனத்தைப் பற்றியது. வீட்டுப் பொறியிலே நிறுத்தும் விசை ஒன்று உண்டு. தேநீர் வேண்டின் வானிலேயே விமானத்தை நிறுத்திவிட்டு எழுந்து செல்லலாம். தவறினால் மீண்டுந் தொடங்கலாம். இவ்விரண்டும் மெய் வானத்தில் இல்லை. அங்கே எண்ணுவதற்கும் நேரஞ் செலவாகும்; அந்நேரத்திலும் விமானம் இறங்கிக்கொண்டேயிருக்கும்.

2009 சனவரி 15 ஆம் நாள் நியூயோர்க்கிலிருந்து எழுந்த பயணிகள் விமானமொன்று வாத்துக் கூட்டத்தில் மோதி இரு எஞ்சின்களின் வலுவையும் இழந்தது. தலைமை விமானி சலென்பேர்கர் அதனை ஹட்சன் ஆற்றிலே இறக்கினார். 155 பேரும் பிழைத்தனர். மோதலுக்கும் ஆற்றில் இறங்குதற்கும் இடையே இருந்தது ஏறத்தாழ மூன்றரை நிமிடம். பின்னர் விசாரணையாளர் இந்நிகழ்ச்சியைப் பொறியிலே நடத்திப் பார்த்தனர். மோதல் நிகழ்ந்த கணமே விமான நிலையத்துக்குத் திரும்பிய விமானிகள் சிலமுறை ஓடுபாதையை எட்டினர். ஆயின், நிலைமையை உணர்ந்து முடிவெடுக்க மனிதனுக்கு வேண்டிய நேரமாக 35 வினாடியைச் சேர்த்துப் பார்த்தபோது, திரும்பிய விமானம் ஓடுபாதையை எட்டவில்லை. பொறியில் இருந்தோர்க்கு வரப்போவது முன்னரே தெரியும். வானில் இருந்தோர்க்கு அது தெரியாது. போலிக்கும் மெய்க்கும் இடையிலுள்ள தூரத்தை அந்த 35 வினாடி அளந்து காட்டுகின்றது.

பெரிய பொறியும் பிழை கற்பிக்கலாம்

இவையெல்லாம் விளையாட்டுப் பொறியின் குறைகள். கோடிக்கணக்கிற் செலவிட்டு விமான நிறுவனங்கள் அமைக்கும் பெரும் பொறிகளுக்கு இவை பொருந்தா எனச் சிலர் கூறலாம். ஆறு கால்களின் மேல் நின்று அசையும் அப்பொறிகள் சாலச் சிறந்தனவே. அவை இன்றி இன்றைய விமானப் பயணத்தின் பாதுகாப்பு இல்லை. எனினும் அவையும் தம் எல்லை கடந்தால் பிழை கற்பிக்கும் என்பதற்கு ஒரு சான்று உண்டு.

2001 நவெம்பர் 12 ஆம் நாள் நியூயோர்க்கிலே அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனத்தின் எயர்பஸ் விமானமொன்று புறப்பட்ட சிறிது நேரத்திலே வீழ்ந்தது. விமானத்திலிருந்த 260 பேரும் தரையிலிருந்த 5 பேரும் இறந்தனர். முன்னே சென்ற பெரிய விமானம் விட்டுச் சென்ற காற்றுச் சுழியிலே அது சற்றுத் தடுமாறியது. துணை விமானி சுக்கானை முழுமூச்சாக இடமும் வலமும் மாறி மாறி மிதித்தார். அவ்விசை தாங்காது வாற்சிறகு முறிந்து பிரிந்தது. அவ்வளவு கடுமையான மிதிப்பு வேண்டப்பட்டதன்று என விசாரணையாளர் முடிவு செய்தனர். அவ்விமானத்தின் சுக்கான் அமைப்பும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அதனோடு, நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தில் இருந்த பொறிப் பாடமொன்றும் சுட்டப்பட்டது. காற்றுச் சுழியால் விமானம் பெரிதுஞ் சரிவதாகக் காட்டிய அப்பாடம், சுழியின் வலிமை பற்றி மிகைப்பட்ட எண்ணத்தை அவ்விமானியிடம் உண்டாக்கியிருக்கக் கூடும் என்பது அவர்கள் கருத்து. அவர் கற்றதை மறந்தவரல்லர். கற்றதையே செய்திருக்கக் கூடும். தேர்ந்த பயிற்றுநரின் கீழே, சிறந்த பொறியிலே கற்றார்க்கே இது நேருமாயின், தனியே இருந்து தானே தனக்கு ஆசானாகிக் கற்பவன் எவ்வளவு விழிப்பாயிருத்தல் வேண்டும்!

அறிந்தேன் என்னும் மயக்கம்

மேற்கூறிய குறைகளெல்லாம் ஒருவனுக்குத் தெரிந்திருந்தால் அவற்றால் வரும் இடர் பெரிதன்று. தெரியாதிருத்தலே பேரிடர். நியூசிலாந்திலே வைக்காற்றோ பல்கலைக்கழகத்து உளவியலாளர் 2022 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவாக்குகின்றது. விமானம் தரையிறங்கும் காட்சி ஒன்றை, நான்கு நிமிடத்துக்கும் குறைந்ததாய், ஒலியில்லாததாய், சிலருக்குக் காட்டினர். விமானிகளின் கைகள் செய்வதுகூட அதிலே செவ்வையாய்த் தெரியாது. அதனாற் கற்கத்தக்கது யாதுமில்லை. எனினும் அதனைப் பார்த்தவர்கள், பாராதவர்களைவிட, விமானத்தை உயிர்ச்சேதமின்றி இறக்கத் தம்மால் இயலும் என மிகுதியாக நம்பினர். நான்கு நிமிடக் காட்சி இவ்வளவு துணிவைத் தருமாயின், நாலாயிரம் மணி நேர விளையாட்டு எவ்வளவு துணிவைத் தரும்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. ஏட்டிலுள்ள சுரைக்காயைக் கண்டு சமைக்கப் புகுவார் எவருமிலர். திரையிலுள்ள சுரைக்காயோ உருண்டு திரண்டு, பறித்தெடுக்கலாம் போலத் தோன்றுகின்றது. ஆகவேதான் இதனாலே மயங்குதல் எளிதாகின்றது.

பயன்படுத்தும் முறை

இனி, விமானியாகும் விருப்பமுள்ள இளைஞர் இப்பொறியை எவ்வாறு கையாளுதல் தகும் என்பதனைச் சுருக்கமாகக் கூறுவாம்.

முதலாவது, பறப்புக் கழகத்திலே முதற் பாடத்துக்குச் செல்லுமுன், வீட்டில் எவ்வளவு காலம், எவ்வகைக் கருவி கொண்டு பழகினோம் என்பதனைப் பயிற்றுநரிடம் மறையாது கூறுக. எப்பழக்கத்தைத் தேடிக் களைதல் வேண்டும் என்பதனை அவர் அதனால் அறிவார்.

இரண்டாவது, வீட்டிலே பழகும்போது நிறுத்தும் விசையையும் மீண்டுந் தொடங்கும் விசையையும் தொடாதிருக்கப் பழகுக. தவறு நேர்ந்தால் அத்தவறோடேயே விமானத்தை இறக்கி முடித்தல் வேண்டும்.

மூன்றாவது, கருவிப் பலகையை ஒரு தாளால் மறைத்து, வெளியே நோக்கியே உயரத்தையும் சாய்வையும் கணித்துப் பழகுக. கருவியை ஒருமுறை நோக்கினால், வெளியே பலமுறை நோக்குக.

நான்காவது, முன்னே பறந்து பின்னே மீட்டுக. மெய் விமானத்திலே பயிற்றுநரோடு கற்ற பாடத்தை வீட்டிலே மீட்டுப் பார்த்தல் நன்று. பயிற்றுநர் கற்பியாத பாடத்தை வீட்டிலே தானே கற்றுக்கொண்டு வானிலே சோதித்தல் தீது.

ஐந்தாவது, கருவிப் பறப்பு உரிமம் இல்லாதவன் முகிலையும் புகாரையும் கண்டால், அவற்றுள் நுழையுமுன் திரும்புதலே முறை. எதிர்பாராது அகப்பட்டானாயின், உடம்பின் சொல்லைக் கேளாது செயற்கை அடிவானத்தையும் அதனோடு ஒத்த பிற கருவிகளையும் நோக்கி, மெல்லச் சாய்த்து வந்த வழியே திரும்பிக் கோபுரத்தை அழைத்தல் வேண்டும். வீட்டில் எத்தனை முறை முகிலைக் கடந்தான் என்பது அவ்விடத்துச் சான்றாகாது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை கணினியிலே விமானம் ஓட்டுதலைக் கண்டு பிறரிடம், இவன் இப்பொழுதே விமானி என்று சொல்லி மகிழற்க. அச்சொல் அவன் நெஞ்சிலே தங்கும். இவன் விமானத்தைப் பற்றிக் கற்கின்றான் என்று சொல்லுதலே உண்மையும் நன்மையும் ஆகும்.

கடல் கற்பித்த முறை

நம் மக்களுக்கு இவ்வுண்மை புதியதன்று. வல்வெட்டித்துறையிலே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அவ்வூர் மாலுமிகளே அதிற் சென்றனர். ஊர்காவற்றுறையிலிருந்தும் பாய்க்கப்பல்கள் வங்கக் கடலைக் கடந்து வாணிகஞ் செய்த காலமொன்று இருந்தது. அக்காலத்திலே கப்பலேறிய சிறுவன் கையில் எவரும் முதல் நாளே சுக்கானைக் கொடுத்தாரல்லர். நீரிறைத்தான், கயிறிழுத்தான், பாய் விரித்தான், சோளகத்தையும் கச்சானையும் தன் முகத்திலே ஏற்று அறிந்தான், தண்டயலின் அருகே இருந்து, எந்த அலைக்கு அவர் கை எவ்வாறு அசைகின்றது என்று பார்த்தான். அச்சம் இன்னதென்று அறிந்த பின்னரே துணிவு அவனுக்குக் கொடுக்கப்பட்டது. இன்றும் குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே படகு செலுத்துவோர் நீரின் நிறத்தைக் கண்டே கல்லும் மேடும் உள்ள இடத்தை அறிகின்றனர். அவ்வறிவை எந்தப் படமும் முழுவதாய்த் தரவியலாது.

கணினி நம் இளைஞர்க்குக் கிடைத்த நல்லதொரு ஏணி. தீவகத்துச் சிறுவீட்டிலே இருந்துகொண்டே விமான அறையின் ஒவ்வொரு கருவியையும் பெயர் சொல்லி அறியும் வாய்ப்பு, அவர்களுடைய பாட்டன்மார்க்கு இருந்ததில்லை. ஏணியைக் கூரையென்று எண்ணாதிருந்தாற் போதும். அறிந்தது எது, அறியாதது எது என்பதனைப் பகுத்துணர்ந்து, ஆசானை வணங்கி, முறையாகப் பயின்று, பலாலி ஓடுபாதையிலே நம் பிள்ளைகள் விமானங்களை இறக்கும் நாள் வருக. அவர்களோடு பயணஞ் செய்வோர் யாவரும் நலமே இறங்குக.